ஆறுதலுக்கு ஒரு பாட்டில்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்குக் 'கஞ்ச டாக்டர்' என்று பெயர். ஊசி மருந்தில் அவர் கஞ்சம் பார்த்ததில்லை. நரம்பில் ஏற்றும் தண்ணீரில்தான் பார்ப்பார். ரத்த அழுத்தம் இறங்கினால் யாரையும் கேட்காமல் இன்னொரு பாட்டிலை மாட்டுவது அங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமே நஞ்சு, இது வெறும் உப்புத்தண்ணி!" என்று அவர் கத்துவார். நர்சுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

அன்று காலை ஒரு தையல்காரரைக் கொண்டுவந்தார்கள். காலில் இருந்த சர்க்கரைப் புண் சீழ்பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. அவரிடம் டாக்டர் கஞ்சம் காட்டவில்லை. வெறும் உப்புத்தண்ணீர் நிறையப் போனால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று ரிங்கர் லாக்டேட் என்ற வேறு வகைத் திரவத்தைத் தேர்ந்தெடுத்து, பாட்டில் பாட்டிலாக வேகமாக ஏற்றினார். கூடவே கிருமிக்கு மருந்தும் போனது. அழுத்தம் ஏறியது, மத்தியானம் மறுபடி இறங்கியது. இந்த முறை முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், நுரையீரலின் அடியில் தண்ணீர் கறகறவென்றது. டாக்டர் பாட்டிலைக் கழற்றச் சொல்லி, அழுத்தத்தைத் தூக்கும் மருந்தை மட்டும் சிரிஞ்ச் பம்ப் என்ற சிறு கருவியில் ஓடவிட்டார். செய்தது நூற்றுக்கு நூறு சரி.

கட்டிலருகே நின்ற தையல்காரரின் மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டில் இல்லாமல் நின்ற வெறும் கம்பிதான்.

"கைவிட்டுட்டீங்களா டாக்டர்?"

"ஐயோ, இல்லம்மா. இனிமே தண்ணி ஏத்துனா நுரையீரல் தாங்காது."

"பாட்டில் தொங்குனாத்தான் எனக்குத் தைரியம். ஒண்ணே ஒண்ணு போடுங்க." அவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

டாக்டருக்கு மனம் இளகிவிட்டது. ஒரு பாட்டிலை மாட்டி, குழாயில் உள்ள சக்கரத்தை ஏறக்குறைய மூடும்வரை உருட்டினார். எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தது. நரம்பு அடைத்துக்கொள்ளாமல் இருக்கும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். சக்கரத்தைத் தொடக்கூடாது என்று நர்சிடம் சொன்னார். மனைவியிடம் சொல்லத் தோன்றவில்லை.

அரை மணி நேரம் கழித்து, அவர் அடுத்த கட்டிலில் வேலையாக இருந்தபோது நர்ஸ் அலறினாள். ஓடிவந்து பார்த்தால் தையல்காரரின் வாயில் நுரை தள்ளியிருந்தது. மூச்சுக்குழாய் போட்டார்கள், நீர் இறக்கும் ஊசி போட்டார்கள், நெஞ்சை அமுக்கி அமுக்கிக் கை ஓய்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பாட்டில் ஒட்ட வற்றியிருந்தது. சக்கரம் முழுக்கத் திறந்திருந்தது.

வெளியே பெஞ்சில் இருந்த மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க ஒரு குறையும் வைக்கல," என்றாள் அவள், அழுதழுது கம்மிப்போன குரலில். "அந்தக் கடைசி பாட்டில்தான் இறங்காம நின்னுச்சு. உங்கள எத்தனை தடவை தொந்தரவு பண்றதுன்னு நானே சக்கரத்தத் தள்ளிவிட்டேன். எங்க மாமியாருக்கு ஏத்துனப்ப நர்ஸ் செஞ்சதப் பாத்திருக்கேன். ஒரு சொட்டு வீணாகாம உள்ள போச்சு. என்னால முடிஞ்சது அதுதான். சரியாத்தானே செஞ்சேன்?"

டாக்டர் அவள் கையைப் பார்த்தார். தான் அந்த பாட்டிலை மாட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கை எதைத் திறந்திருக்கும்? அந்தத் தண்ணீர்தான் உயிரைக் குடித்தது, தப்பு தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தார். அவள் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தாம்மா செஞ்சீங்க," என்றார்.