குதிரைமசாலின் முதல் பூ

பசு மறுபடியும் தண்டுகளை ஒதுக்கிவிட்டிருந்தது. பெயருக்கு இருந்த இலைகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, தொட்டி விளிம்பில் தாடையை வைத்தபடி என்னைப் பார்த்தது.

"மகாராணிக்கு விறகு பிடிக்கலையாம்," என்றார் அத்தை. என் மனைவியின் அம்மா. மகள் போன பிறகும் என்னோடுதான் இருக்கிறார். "அடுப்புல வெச்சாலாவது எரியும், மாப்பிள்ளை."

விறகு என்றது நான் அறுத்துக் காயவைத்த குதிரைமசால் தீவனத்தை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கத் தொடங்கும்போது அறுத்து உலர்த்தினால் இலையும் சத்தும் தங்கும். வயல் முழுக்கப் பூத்துவிட்டால் தண்டு முற்றிவிடும். கல்லூரியில் படித்ததுதான். தேர்விலும் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் அந்தக் கவனிப்பு என் மனைவியுடையது. முதல் பூவைக் கிள்ளி வந்து என் சட்டைப் பையில் செருகுவாள். அன்றே அரிவாளைத் தீட்டுவேன். அவள் இறந்தபின் பை காலியாகவே இருந்தது. வயல் முழுக்கப் பூத்து ஊதாவாக மாறியது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறுத்தபோது கைக்கு வந்தது குச்சி.

இப்போது மறுபடி தழைத்து முழங்காலுக்கு மேல் நிற்கிறது. அடுத்து வறட்சி மாதங்கள். இதுவும் முற்றினால் பசுவை விற்றுவிட வேண்டியதுதான். அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பசு.

"தரகரை வரச் சொல்லட்டுமா?" என்றார் அத்தை. குரலில் கேலி இல்லை.

"கொஞ்ச நாள் போகட்டும், அத்தை."

"நீங்க சொன்னா புல்லு நிக்குமா?"

மறுநாள் காலை வயலுக்குப் போனேன். எங்கும் மொட்டு. நடுவில் ஒரு பூ. கிள்ளினேன். என் பையில் நானே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையின் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தேன்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"தீட்டுக்கல்லை எங்க போட்டீங்க?"

இருவருமாக அறுத்துப் பரப்பினோம். அடுத்த நாள் உச்சி வெயிலில் அத்தை புல்லைப் புரட்டக் குனிந்தார்.

"வேணாம் அத்தை! மொறுமொறுன்னு இருக்கு, தொட்டா இலையெல்லாம் கொட்டிடும். காலையில பனி ஈரத்தோட புரட்டிக்கலாம்!"

கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அத்தை இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

"அடேயப்பா. மாப்பிள்ளைக்கு வாய் இருக்கு."

காலை ஈரத்தில்தான் புரட்டினோம். புல் பச்சை மாறாமல் காய்ந்தது. இலைகள் காம்பிலேயே நின்றன. முதல் கட்டை அவிழ்த்துத் தொட்டியில் போட்டேன். பசு மோந்து பார்த்தது. அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் அது வெறும் தொட்டியை நக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ தரகர்?" என்றேன்.

"வந்தா ஒரு டீ குடிச்சிட்டுப் போகட்டும்," என்றார் அத்தை. "மகாராணி பார்க்கிறா பாருங்க."

இன்னொரு கட்டு எடுத்துவரப் போனேன்.