விரல் ரத்தம், கை ரத்தம்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் சர்க்கரை வியாதி. போன மாதம் மீஞ்சூர் பரிசோதனைக்கூடத்தில் கிரேஸ் என்ற பெண் என் விரலில் குத்தினாள், பிறகு முழங்கையிலும் குத்தினாள். "ஒண்ணு போதாதாம்மா?" என்றேன். "ரெண்டும் ஒரே கணக்கு சொல்லாது சார்" என்றாள். அடிப்பாவி, ஒரே உடம்புக்கு ரெண்டு பேச்சா? அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "1957. பழவேற்காடு ஏரியின் மீது சூரியன் தன் பொற்கரங்களை"

வேண்டாம். எனக்கே குமட்டுகிறது.

இரண்டாவது: அதே 1957. டாக்டர் துளசிராமன் சென்னையிலிருந்து ஊசிகளோடு பழவேற்காட்டுக்கு வந்தார். ரத்தத்தில் அமினோ அமிலம், அதாவது தின்ற புரதத்தின் சத்து, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு ரத்தத்தை விரலில் எடுப்பது சரியா, முழங்கை நரம்பில் எடுப்பது சரியா என்று ஒப்பிடுவதும் அவர் வேலை. குழந்தைகளுக்குச் சத்து குறைவென்றால் ஊருக்குப் பால் பவுடர் வரும்.

(இந்த டாக்டர் மீது எனக்கு நம்பிக்கையில்லை. ரொம்ப நல்லவராக இருக்கிறார். மீசை வைத்துப் பார்த்தேன், அப்படியும் மாறவில்லை.)

3

முகாம் நடந்தது ஹயாத் பாஷாவின் இறால் கிடங்கில். அங்கே இறால் உரிக்கும் கங்கம்மாவுக்கு இரண்டு வயதில் ஒரு பெண், பூவம்மாள். கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, எழுந்து நிற்காத குழந்தை.

"கையில குத்தாத சார். அதுக்கு இருக்கிறதே ரவையூண்டு ரத்தம். வெரல்ல எடுத்துக்கோ" என்றாள் கங்கம்மா. எல்லாத் தாய்மார்களும் அதையே சொன்னார்கள். பெரியவர்கள் மட்டும் இரண்டு இடத்திலும் கொடுத்தார்கள்.

சென்னையில் ரத்தத்தைக் காகிதத்தில் ஊறவிட்டு மருந்து தெளித்தார்கள். அமினோ அமிலம் இருந்தால் ஊதா நிறம் வரும். பெரியவர்களின் கை ரத்தம் வெளிறிக் கிடந்தது; அதே ஆட்களின் விரல் ரத்தம் கத்தரிக்காய் மாதிரி மின்னியது. எல்லாவற்றையும்விட ஊதா, பூவம்மாளின் காகிதம். இந்த ஊர்க் குழந்தைகள் அமோகமாகச் சாப்பிடுகிறார்கள் என்று மேலிடம் பால் பவுடரை மறுத்துவிட்டது.

4

டாக்டர் திரும்பி வந்து சேதியைச் சொன்னார்.

"அவ்ளோ சத்து இருந்தா இது இன்னாத்துக்கு சார் நிக்க மாட்டேங்குது?" என்றாள் கங்கம்மா.

டாக்டர் குழந்தையைத் தொட்டுப் பார்க்குமுன் கை கழுவ வெந்நீர் கேட்டார். பாஷா இறால் அவிக்கிற அண்டாவிலிருந்து மொண்டு வந்தார்.

"என்ன பாய், இறால் தண்ணியைக் குடுக்கறீங்க?"

"நீங்கதானே சுடுதண்ணில கை கழுவச் சொன்னீங்க டாக்டர்? இங்க வேற சுடுதண்ணி ஏது? அன்னிக்கு அல்லாரையும் இதுலதான் கழுவ வச்சேன். கொழந்தைங்களை ரெண்டு வாட்டி." பெருமையாகத்தான் சொன்னார் பாஷா.

டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். விரலில் ஒட்டிய இறால் சாற்றிலும் அதே அமினோ அமிலம்தான்; சென்னையில் அத்தனை பேர் கூடி அளந்தது இறாலை.

5

முடிவு அ: சோப்பு போட்டுக் கழுவி விரலில் மறுபடி குத்தினார், பால் பவுடர் வந்தது. (வராது. மேலிடம் இனி விரலை நம்பாது. ஒரு குழந்தையின் கை ரத்தமாவது வேண்டும் என்று சொல்லிவிட்டது.)

முடிவு ஆ: பூவம்மாள் அந்த வருஷ மழையைத் தாண்டா

மாட்டேன். எழுத மாட்டேன்.

முடிவு இ: கங்கம்மா குழந்தையின் கையைத் தானே நீட்டினாள். "குத்து சார். ஒரே ஒரு வாட்டிதான்."

டாக்டர் அழுத்திப் பார்க்கிறார். வீக்கத்தில் நரம்பு தட்டுப்படவில்லை. நான் எழுதினால் உடனே கிடைத்துவிடும், அது பொய். எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தை வீறிடுகிறது. கங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கையை மட்டும் விடவில்லை.

இப்படி வாருங்கள், படித்துக்கொண்டிருப்பவரே. உங்கள் விரலை அந்த முழங்கையில் வைத்து, நரம்பைத் தேடுங்கள்.