படிகாரச் செடிக்கு வெந்நீர்

கீரை வேகும் வாசனை வந்த பிறகுதான் ஷஹீரா குனிந்து பார்த்தாள். தொட்டி மண்ணிலிருந்து மெல்லிய ஆவி எழுந்து, செடியின் ஊதா நிற இலைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தது. கையிலிருந்த பூவாளியின் வயிற்றைத் தொட்டாள். விரல் சுட்டது.

பாதிப் பூவாளி காலியாகியிருந்தது.

பால்கனியில் வேறு செடிகளும் இருந்தன. கற்றாழையோ கறிவேப்பிலையோ வெந்து போயிருந்தால் உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போயிருப்பாள். இது ரம்ஸியா வைத்த செடி. ரம்ஸியா, ஷஹீராவின் கணவன் அஹ்சனுடைய முதல் மனைவி. மூன்று வருடத்துக்கு முன்பு காய்ச்சலில் இறந்தவள். அவள் ஒரு குளிர்காலத்தில் துபாய்ப் பூச்சந்தையில் இதை வாங்கி வந்தாளாம். குளிர்நாட்டுச் செடி. பெயர்ச்சீட்டில் ஹியூக்கெரா என்றும் அதற்குக் கீழே படிகார வேர் என்ற பொருளில் ஓர் ஆங்கிலப் பெயரும் இருந்ததால், வீட்டில் அதற்குப் படிகாரச் செடி என்றே பெயராகிவிட்டது. வேரை நாக்கில் வைத்தால் படிகாரம் போலத் துவர்க்கும் என்பார்கள். யாரும் வைத்துப் பார்த்ததில்லை.

அவர்கள் இருக்கும் ராஸ் அல் கைமாவின் வெயிலில் அந்தச் செடி ஒரு வாரம்கூடத் தாங்காது. மே மாதம் பிறந்ததும் படுக்கையறைக்குள் ஏசிக்குப் பக்கத்தில் வந்துவிடும். நவம்பரில் மறுபடியும் பால்கனி, அதுவும் காலை வெயில் மட்டும் படும் மூலை. விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். இலைகள் பிறக்கும் நடுக்குருத்தில் ஒரு சொட்டு விழக்கூடாது. இந்தச் சட்டங்களையெல்லாம் ஷஹீராவுக்குச் சொல்லிக்கொடுத்தது ரம்ஸியாவின் மகள் மின்ஹா. ஒன்பது வயது.

ஷஹீரா நிக்காஹ் முடிந்து கீழக்கரையிலிருந்து வந்தது ஜூன் மாதம். சித்தி முறைக்கு அவளைச் சாச்சி என்று கூப்பிடும் மின்ஹா, இந்த ஐந்து மாதத்தில் அவளிடம் ஒரு முறைகூட முரண்டு பிடித்ததில்லை. "தேங்க்யூ சாச்சி." "போதும் சாச்சி." "பரவால்ல சாச்சி." இந்த மூன்றையும் தாண்டி அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து எதுவும் வராது. அடம் பிடிக்கிற பிள்ளையைச் சமாளிக்கலாம். விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளும் பிள்ளையை என்ன செய்வது?

போன மாதம் ஒருநாள் மின்ஹா தானாக வந்து நின்றாள். "நான் ஸ்கூல்ல இருக்கறப்போ உம்மா செடிக்கு நீங்க தண்ணி ஊத்துறீங்களா சாச்சி?" ஷஹீரா அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளை அவளை நம்பிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அதைத்தான் இப்போது அவித்து வைத்திருக்கிறாள்.

வந்த முதல் நாளே குழாய்களைப் பற்றி அஹ்சன் ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தான். கோடையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். நீலக் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். அதனால் வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் சுவிட்சை அணைத்து வைத்துவிடுவார்கள். அதில் தங்கிச் சிவப்புக் குழாயில் வரும் தண்ணீர் ஆறிக் கிடக்கும். "இங்க சிவப்பைத் திறந்தாத்தான் பச்சத் தண்ணி வரும் புள்ள." ஐந்து மாதமாகச் சிவப்புக் குழாய்தான். கை தானாக அங்கே போகும்.

ஷஹீரா குளியலறைக்கு ஓடினாள். ஹீட்டர் சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யார் போட்டது? அஹ்சனாகத்தான் இருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? மணி பதினொன்றே கால். அஹ்சன் கடை அடைத்துச் சாப்பாட்டுக்கு வர இரண்டு மணி நேரம். மின்ஹாவின் பள்ளிப் பேருந்து வர மூன்று.

நீலக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து தொட்டியில் ஊற்றினாள். பிறகு அதுவும் தவறோ என்று பயந்து நிறுத்தினாள். தொட்டி மண் வாங்கும் நர்சரியில் வேலை செய்யும் அழகுமலையின் எண் ஞாபகம் வந்தது. சிவகங்கைக்காரன். மண் மூட்டையைத் தூக்கி வந்தபோது எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"வெந்நியா ஊத்தினீங்க?" என்றான் அழகுமலை. "ஏன்க்கா, செடிக்குச் சளி புடிச்சிருந்துச்சா?"

"தம்பி, வெளையாடாதீங்க. எனக்கு உசுரே இல்ல."

அவள் குரலைக் கேட்டதும் அவன் பேச்சு மாறியது. "சரிக்கா, சரி. தொட்டியச் சாய்ச்சு மண்ணோட வெளிய எடுங்க. வேரைப் பாருங்க. கெட்டியா இருந்தா உசுரு இருக்கு. தொட்டதும் தோல் கழண்டு வந்துச்சுன்னா அது போச்சு."

பழைய செய்தித்தாளை விரித்து அவள் தொட்டியைக் கவிழ்த்தாள். வெதுவெதுப்பாக மண்கட்டி வந்து விழுந்தது. ஊற்றிய பக்கத்து வேர்கள் பழுப்பாக, சேமியாவைப் போல, இழுத்த இழுப்புக்குத் தோல் உரிந்து வந்தன. மறு பக்கத்தில் சில வேர்கள் வெளுப்பாக விறைத்து நின்றன. நடுவில் விரல் தடிமனுக்கு மரம் போன்ற தண்டு. அதிலிருந்து நான்கு குருத்துகள் பிரிந்திருந்தன. இரண்டு ஏற்கெனவே தொய்ந்து படுத்துவிட்டன.

"அப்ப வெட்டணும்க்கா. நல்ல வேரோட இருக்கற குருத்தத் தனித்தனியாப் பிரிச்சு, பெரிய எலையெல்லாம் கிள்ளிட்டு, புது மண்ணுல வைங்க. வெட்டுவாய்ல பட்டைத் தூள் தடவுங்க, சமையலுக்குப் போடுவீங்கள்ல, அதான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள செஞ்சிரணும். அழுகல் பரவிரும்."

"பொழைக்குமா?"

"சொல்ல முடியாதுக்கா. பத்து நாள் போனாத் தெரியும்." கொஞ்சம் தயங்கினான். "இல்லாட்டி எங்கிட்ட கோலியஸ்னு ஒரு செடி நிக்குது. ஊதாக் கலரு. தள்ளி நின்னு பாத்தா இதே மாதிரிதான். போட்டோ அனுப்பறேன். கொண்டாந்து வச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

படம் வந்தது. உண்மையிலேயே அதே மாதிரி இருந்தது. ஷஹீரா அதை வெகுநேரம் பார்த்தாள். 'கொண்டு வாங்க' என்று பாதி எழுதினாள். பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் ஈரப் பஞ்சால் ஒவ்வோர் இலையாகத் துடைக்கும் அந்தச் சின்ன விரல்கள் ஞாபகம் வந்தன. எழுதியதை அழித்தாள்.

கத்தியை எடுத்துக் குருத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வெட்ட முடியவில்லை. அந்தப் பிள்ளையைக் கேட்காமல் அவள் உம்மாவின் செடியில் கத்தி வைப்பதா? கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால்? நான்கு சுவருக்குள் இனி மூன்றாவது மனுஷியாகவே வாழ வேண்டியதுதான். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒன்றே காலுக்கு அஹ்சன் கதவைத் திறந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னா புள்ள, வீடே அமைதியா இருக்கு? சோறு ஆக்கலையா?" என்றவன், பால்கனியில் செய்தித்தாளின் மேல் வேர் தெரியக் கிடந்ததைப் பார்த்தான்.

ஷஹீரா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஹீட்டரப் போட்டா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

"நான் போடலையே."

அவன் சம்மணமிட்டுச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு தொய்ந்த இலையைத் தூக்கி, கையை எடுத்தான். இலை பழையபடி விழுந்தது. அவன் மறுபடியும் அதைத் தூக்கிப் பிடித்தான். அவனுக்கும் இது வெறும் செடி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அவன்மேல் அவளுக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. இன்று மட்டும் அந்த அமைதி அவளைக் கொன்றது.

"திட்டிருங்க" என்றாள். "சும்மா இருக்காதீங்க."

"உன்னைய எதுக்குத் திட்ட?" அவன் நிமிர்ந்தான். "நான் வேற யோசிக்கிறேன். நான் ஊத்துனேன்னு சொல்லிக்கிறேன். காலைல கடைக்குப் போறதுக்கு முன்னாடி தெரியாம ஊத்திட்டேன்னு. நீ உள்ளேயே இரு. கோவம் எம்மேல இருக்கட்டும்."

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஷஹீராவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. ஆனால் தலையை ஆட்டினாள்.

"வேணாம் மச்சான். எம்மேல கோவப்பட்டா அவளுக்கு வாப்பா இருக்கீங்க. உங்க மேல கோவப்பட்டா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?"

அஹ்சன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய கையும் சில்லென்று இருந்தது.

இரண்டு இருபதுக்குக் கீழே பேருந்தின் சத்தம் கேட்டது. லிஃப்ட் ஏறி வரும் அந்த ஒரு நிமிடத்தில் ஷஹீரா ஓதத் தெரிந்த எல்லா சூராக்களையும் மறந்துபோனாள். மின்ஹா உள்ளே வந்து, பையைக் கழற்றி, "அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சி" என்று ஒப்பித்துவிட்டு, இந்த நேரத்தில் வழக்கமாகத் தூங்கும் வாப்பா பால்கனி வாசலில் நிற்பதைப் பார்த்தாள். அவனைத் தாண்டிச் செடியைப் பார்த்தாள்.

"மின்ஹா, நான்தான்மா" என்றாள் ஷஹீரா. "சிவப்புக் குழாயில தண்ணி புடிச்சு ஊத்திட்டேன். கொதிக்கிற தண்ணி. பாக்காம ஊத்திட்டேன். என் தப்புதான்."

பிள்ளை அழுவாள், கத்துவாள் என்று நினைத்தாள். மின்ஹாவின் முகம் ரத்தம் வடிந்துபோனது போல வெளுத்தது. அவள் செடியை விட்டுவிட்டுக் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஹீட்டரை நான்தான் ஆன் பண்ணேன்" என்றாள், கேட்டும் கேட்காத குரலில். "மார்னிங் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சு. அப்புறம் ஆஃப் பண்ண மறந்துட்டேன். ஸாரி சாச்சி. ஸாரி வாப்பா. ஐ'ம் ஸோ ஸாரி."

"ஏன்மா, எங்கிட்ட சொல்லியிருந்தா நான் போட்டுத் தந்திருப்பேன்ல?"

"தொல்லை பண்ணக் கூடாதுல்ல."

"யாரு சொன்னா?"

மின்ஹா வாப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ஹாலிதா மாமி. நிக்காஹ் அன்னிக்குச் சொன்னாங்க. சாச்சிக்கு எதுலயும் தொல்லை கொடுக்கக் கூடாது. கொடுத்தா என்னை ஊருக்கு அனுப்பி ஹாஸ்டல்ல விட்ருவாங்கன்னு." அவள் உதடு துடித்தது. "இப்ப என்னை அனுப்பிருவீங்களா?"

அஹ்சன், "என் லாத்தாவுக்கு இருக்கு இன்னிக்கு" என்று தன் அக்காளை நினைத்துப் பல்லைக் கடித்தான்.

ஷஹீராவுக்குக் காலையிலிருந்து இருந்த பயம் அற்பமாகத் தெரிந்தது. குளிர் தொடங்கிய பிறகும் விடியற்காலையில் ஜில்லென்ற தண்ணீரை வாயை மூடிக்கொண்டு ஊற்றிக்கொள்கிற அளவுக்கு, ஐந்து மாதமாக இந்தப் பிள்ளை அவளுக்குப் பயந்திருக்கிறாள். தன்னைப் பார்த்து ஒரு பிள்ளை பயப்படுவது எவ்வளவு பெரிய பயம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் உயரத்துக்கு வந்தாள். தொடத் தைரியம் வரவில்லை.

"உன்னைய யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க. அனுப்பறதுன்னா மொதல்ல என்னையத்தான் அனுப்பணும். கொலை பண்ணது நான்."

மின்ஹா சிரிக்கவில்லை. ஆனால் சுவரை விட்டு ஓர் அடி நகர்ந்தாள்.

"ரெண்டு குருத்துல உசுரு இருக்கு" என்றாள் ஷஹீரா. "வெட்டிப் பிரிச்சு வைக்கணுமாம், இப்பவே. பொழைக்குமான்னு தெரியாது. உன்னைக் கேக்காம கத்தி வைக்க எனக்குத் தைரியம் வரல. வெட்டட்டுமா?"

மின்ஹா வேர்களுக்குப் பக்கத்தில் வந்தாள். பள்ளிச் சீருடையோடு முட்டி போட்டு உட்கார்ந்தாள். அந்த மரத்தண்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தாள்.

"வெட்டுங்க" என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கத்தி இறங்கியபோது இருவரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள். இரண்டு குருத்துகள் தனியே வந்தன, ஒவ்வொன்றும் ஒரு பிடி வேரோடு. ஷஹீரா பட்டைத் தூளைத் தடவி, முதல் குருத்தைப் புதுத் தொட்டியில் வைத்து மண்ணை அள்ளினாள்.

"அப்படி இல்ல" என்றாள் மின்ஹா.

ஷஹீராவின் கை நின்றது.

"கழுத்து வரைக்கும்தான் மண்ணு போடணும். மேல மூடினா அழுகிடும். நீங்க ரொம்ப ஆழமா வச்சிட்டீங்க." குருத்தைப் பிடுங்கி அவளே மறுபடியும் வைத்தாள். முடித்துவிட்டு, அதே குரலில், கண்ணை மண்ணிலிருந்து எடுக்காமல், "டிஃபன் பாக்ஸ்ல சீஸ் சாண்ட்விச் வைக்காதீங்க. எனக்குப் பிடிக்காது" என்றாள்.

"டப்பா தினம் காலியால்ல வருது?"

"பக்கத்து சீட் ஹிஃப்ஸாவுக்குக் கொடுத்துருவேன்."

உள்ளே அஹ்சன் சட்டியில் சோறு தேடும் சத்தம் கேட்டது. இரண்டாவது குருத்தின் சின்ன இலைகளும் தொய்யத் தொடங்கியிருந்தன. ஷஹீரா அவற்றைப் பார்க்கப் பயந்தாள். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"வேற என்ன பிடிக்காது?" என்று கேட்டாள்.

மின்ஹா மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினாள். முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"நெறைய இருக்கு சாச்சி" என்றாள். "சொல்லட்டுமா?"