கழுவி வந்த தூக்குவாளி

என் வீட்டுக்காரர் பால்பாண்டி, குடித்த தம்ளரைக்கூட எடுத்து வைக்கமாட்டார். அப்படிப்பட்ட மனுசன் ஒன்றரை மாதமாகச் சோறு கொண்டுபோகும் தூக்குவாளியைப் பளிச்சென்று கழுவிக்கொண்டு வந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஜீப்பில் ஏற்றிப்போவது அவர் தொழில். மலைமேல் எவளோ ஆக்கிப்போட்டு, வாளியையும் கழுவிக் கொடுக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். ஆள் என்னவோ துரும்பாக இளைத்துக்கொண்டுதான் வந்தார். அதை யோசிக்க எனக்கு எங்கே பொறுமை?

அந்த ஜீப்பில் தினமும் போய்வரும் அய்யம்மாளைச் சந்தையில் வைத்து மடக்கினேன்.

"அடி போ ஆத்தா, மேல எவளும் இல்ல. மலை மெட்டுல வண்டிய நிப்பாட்டி, நீ குடுத்துவிடுற சோத்தப் பூராம் கொரங்குக்குக் கொட்டிட்டு, வாளியக் கழுவி வச்சுக்கிறாரு. வெறும் டீத்தண்ணியிலதான் மனுசன் ஓடுறாரு" என்றாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் நேராகக் கேட்டேன். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"சித்திரையில ஒருநா வளைவுல நெஞ்சு படபடன்னு அடிச்சு வாந்தி எடுத்துட்டேன் பானு. ஸ்டேரிங்கு கைய விட்டுப் போச்சு. பின்னால அம்புட்டுப் பொம்பளைக. அதுலருந்து வயித்துல எது இருந்தாலும் பயமாருக்கு. இப்பச் சோத்தப் பாத்தாலே தொண்டை அடைக்குது."

"ஆம்பளைக்கு என்ன பயம்?" என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் கோபப்படவில்லை.

"மனநல டாக்டரப் பாக்கணும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரெண்டு தடவ போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். நீயும் வர்றியா?"

மறுநாள் ஜீப்பை எடுக்கவில்லை, இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவரிடம் வெகுநேரம் பேசினார். இதுவும் ஒரு நோய்தான், சரியாகும், தொடர்ந்து வர வேண்டும், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவர் சாப்பிடும்போது நீங்க என்னம்மா செய்வீங்க?"

"எதிர்லயே உக்காந்திருப்பேன். இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றேன், பெருமையாக.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாசம் என்று நினைத்துக்கொண்டு நானும் அவரை மிரட்டித்தான் வந்திருக்கிறேன்.

"கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல உக்காராதீங்க. அவரா போட்டுச் சாப்பிடட்டும்" என்றார் டாக்டரம்மா.

மத்தியானம் சோற்றுச்சட்டியையும் தட்டையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கொல்லையில் துணி துவைக்கப் போனேன். கைதான் துவைத்தது, காது உள்ளேயே கிடந்தது. துவைத்த சேலையையே திரும்பவும் துவைத்தேன். எத்தனை நேரமோ, சத்தமே இல்லை. எழுந்து போய் எட்டிப்பார்த்துவிடலாமா என்று கால் துடித்தது.

அப்போது குரல் வந்தது.

"பானு, ரசம் இருக்கா?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"அடுப்பு மேல இருக்கு. நீங்களே ஊத்திக்கங்க."