எப்போதும் இரண்டு விரல்

ஒஹையோவின் அந்தச் சின்னக் கல்லூரிக்காக வெர்ன் ஸ்டாட்லர் முதலில் அமெரிக்கக் கால்பந்து ஆடினார், பிறகு பயிற்சியாளரானார். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதி எந்தப் பையன் கிறங்கி விழுந்தாலும், முகத்துக்கு நேராக விரலை நீட்டி எத்தனை என்று கேட்பார். அதற்குப் பெயர் பரிசோதனை. நீட்டுவது எப்போதும் இரண்டு விரல்தான். அவருடைய பயிற்சியாளரும் அவருக்கு அப்படித்தான் நீட்டினார். பையன்களுக்கும் அது தெரியும். கண்ணைத் திறக்காமலே "ரெண்டு" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குள்ளே ஓடுவார்கள்.

"ஒரு நாளாவது மூணு விரல் காட்டித்தான் பாரேன், வெர்ன்," என்றாள் மனைவி ஆர்லீன், ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில்.

"காட்டினா பாதிப் பேரு பெஞ்சுல உக்காந்துக்குவான். அப்புறம் நீயும் நானுமா போயி ஆடுறது?" என்று சிரித்தார்.

ஆர்லீனும் சிரித்தாள்.

அடுத்த மாதம் டுவைட் கோலர் என்ற பையன் மோதி விழுந்து, "ரெண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். பிணமாகத்தான் வெளியே வந்தான். சவ அடக்கத்தில் அவன் தாய் வெர்னின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல உசிரையே வச்சிருந்தான், கோச்," என்று அழுதாள். அந்த வருடமே கல்லூரி அவரை விளையாட்டுத் துறை இயக்குநராக்கியது.

இப்போது, வயதாகிவிட்ட வெர்னுக்குத் தன் வீட்டு வாசலே அடையாளம் தெரிவதில்லை. ஆர்லீன்தான் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துவந்தாள். டாக்டர் நான்கு விரல்களை நீட்டி, "எத்தனை, சொல்லுங்க?" என்றாள்.

வெர்ன் விரல்களைப் பார்க்கவேயில்லை. துள்ளி எழுந்தார்.

"ரெண்டு! என்னை உள்ள விடுங்க, கோச்!"