ஹேண்ட் பிரேக்கின்மேல் ஒரு துண்டு

சம்பந்தத்துக்கு வாய் நீளம் என்பது ஆம்பூரில் அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலங்காயம் தாண்டி மலைச்சாலை தொடங்கியதிலிருந்து மனிதர் வாயைத் திறக்கவில்லை. காலமெல்லாம் தோல் மண்டி வேன் ஓட்டியவர் இன்று பக்கத்து இருக்கையில். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அவர் மனைவி மனோரமா.

சர்க்கரை வியாதி அவருடைய கண்களை மங்க வைத்துவிட்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அவர் சாப்பிடவே இல்லை. வீட்டுக் காரை விற்றுவிடலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மனோரமா யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல், ஷூ கம்பெனியில் வேலை முடிந்ததும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸும் கையுமாக வந்து நின்றாள். அன்றைக்குப் பட்ட பெருமையை சம்பந்தம் கல்யாணத்தன்றுகூடப் பட்டிருக்க மாட்டார்.

சமதளத்தில் நன்றாகவே ஓட்டினாள். மேடு என்றால்தான் அவளுக்குப் பேஜார். மகள் சௌந்தர்யாவோ மலைமேல் நர்ஸாக இருக்கிறாள். அவளைப் பார்க்க மேடேறாமல் வழியில்லை. புறப்படும்போதே மனோரமா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

“ஒரே ஒரு தபா வண்டி பின்னால உருண்டுச்சின்னா சாவியக் குடுத்துடுவேன். அப்பறம் நீங்க வித்துக்குங்க.”

அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால் சம்பந்தம் தன் வலது கையை ஹேண்ட் பிரேக்கின்மேல் வைத்து, அதைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டு எதற்கு என்று அவள் கேட்டபோது வெயில் என்றார். மலையில் பனிகூட இன்னும் விலகவில்லை.

காரில் ஹில் அசிஸ்ட் இருந்தது. மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி இரண்டு விநாடி பின்னால் போகாது. அதற்குள் ஆக்சிலேட்டர் கொடுத்து கிளட்சை மெல்ல விட்டு ஏறிவிட வேண்டும் என்று ஷோரூமில் விளக்கியிருந்தார்கள். வண்டி பின்னால் போகாது என்பதை மனோரமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு விநாடியைக் காற்றில் விட்டுவிட்டாள்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. மனோரமா காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். கிளட்ச், பிரேக், முதல் கியர், எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பஸ் வளைவில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. காத்திருந்த நேரத்தில் அவள் வலது கால் தானாகப் பிரேக்கை விட்டு எழுந்தது. வாழ்நாளில் பாதியை ஷூவின் மேல்தோல் தைப்பதில் கழித்தவள் அவள். தையல் மிஷினில் காலை எடுத்தால் ஊசி நின்றுவிடும். நிற்பதென்றால் காலை எடுப்பது என்று அந்தப் பாதத்துக்கு ஊறிப்போயிருந்தது.

இரண்டு விநாடி கார் நின்றது. பிறகு பின்னால் நழுவத் தொடங்கியது. பின்சீட்டில் கருவாட்டுக் குழம்பு இருந்த டிபன் கேரியர் கிணுங்கியது. சம்பந்தம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, அதன் சத்தத்தை ஒரு பெரிய இருமலால் மறைத்தார்.

“நகந்துச்சா?” என்று கேட்டாள் மனோரமா.

“நகந்தது பஸ்சு. பாக்கறதுக்கு நம்ம வண்டி போற மாதிரி தெரியும்.”

பஸ் ஒருவழியாகக் கடந்துபோனது. அவள் ஆக்சிலேட்டரை மிதித்து கிளட்சை விட்டாள். கார் முனகியது, பின்பக்கம் அமுங்கியது, ஹேண்ட் பிரேக்கை மீற முடியாமல் அணைந்துபோனது. பிரேக்கை மிதித்துக்கொண்டு இடது கையால் ஹேண்ட் பிரேக்கைத் தேடினாள். துண்டுதான் அகப்பட்டது. அதற்கடியில் வேர்த்திருந்த அவர் கை.

“உருண்டுச்சிதானே?”

அவருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. “உருண்டுச்சி. அதுக்காக சாவியக் குடுத்துடாத மனோ. என்னால ஓட்ட முடியலன்றதைக்கூடத் தாங்கிக்கினேன். நீ ஓட்டறதப் பாத்துக்கினே பக்கத்துல வர்றேனே, அதுவும் போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?”

மனோரமா வண்டியைக் கிளப்பினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். இத்தனை வருஷ டிரைவர் வேலையில் அதைவிடக் கஷ்டமான காரியத்தை சம்பந்தம் செய்ததில்லை. ஆனாலும் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

அவள் பிரேக்கை விட்டாள். கார் நின்றது. அந்த இரண்டு விநாடிக்குள் ஆக்சிலேட்டரைக் கொடுத்து, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, கார் ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் வளைவில் ஏறியது.

ரோடு சமமான பிறகு தன் இடது கையை அவருடைய துண்டில் துடைத்துக்கொண்டாள்.

“உங்க அசிஸ்டுக்குக் கை ரொம்ப வேர்க்குது,” என்றாள். “பரவால்ல. பழையபடி வெச்சிக்குங்க.”

சம்பந்தம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கையைத் திரும்ப ஹேண்ட் பிரேக்கின்மேல் வைத்தார். வாயும் திரும்பி வந்துவிட்டது. மகள் வீடு வரும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை, கையையும் எடுக்கவில்லை.