தொலைந்தவர் காண்டாமிருகத்தின் அருகே வரவும்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. அதுவும் என் சிரிப்பு.

மிருகக்காட்சிசாலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒலிபெருக்கி கரகரத்தது. அப்பா ஒருவரைக் காணவில்லையாம், மகள் தேடுகிறாளாம். கூட்டம் சிரித்தது. நான் பாப்கார்ன் கீழே சிந்தும் அளவுக்குச் சிரித்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற நீலச் சட்டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

அவ்வளவுதான் நான் கண்டது. மிச்சமெல்லாம் கற்பனை. கையிலிருக்கும் ஒரே ஆதாரம் ஒரு பொத்தான்.

(முடிவை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேனே என்று வருந்த வேண்டாம். முடிவு அதுவல்ல.)

2

குடும்பச் சிறப்பிதழுக்கு மகிழ்ச்சியான கதை வேண்டும் என்றார் ஆசிரியர். ஆகவே இப்படித் தொடங்கினேன்: "வானம் தன் நீல விரிப்பை விரித்திருந்த அந்த இனிய காலைப்பொழுதில்" – வேண்டாம். வானத்துக்கு விரிப்பு மாற்றும் உத்தியோகத்தை நான் விட்டுப் பல வருடமாகிறது.

அடுத்தது: "குழந்தைகள் வளர்வது என்பது, பெற்றோர் மெல்ல மெல்ல" – இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கும் வாக்கியத்துக்கு மேடையும் மைக்கும் தண்ணீர் பாட்டிலும் தேவைப்படும்.

மூன்றாவது: "தொழிற்சாலையில் அவரை எல்லோரும் விசில் என்றுதான் சொல்வார்கள்." இது பரவாயில்லை. இதோடு போவோம்.

3

விசில் ஒரு டயர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒருமுறை இல்லாத தீயை அணைப்பது அவர் வேலை. கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவார். போட்டது போட்டபடி எல்லோரும் ஓடிவந்து, முற்றத்தில் "கூடுமிடம்" என்று எழுதிய பச்சைப் பலகைக்குக் கீழே நிற்க வேண்டும். அவர் தலைகளை எண்ணுவார். அந்தத் தொழிற்சாலையில் ஒருநாளும் தீப்பிடித்ததில்லை. அது தன் திறமை என்று அவர் நம்பினார். தீயின் தரப்பை யாரும் விசாரிக்கவில்லை.

அலுவலகச் செருப்பை வாசலில் கழற்றினாரே தவிர, அலுவலகத்தைக் கழற்றவில்லை. குடும்பத்தோடு எங்கே போனாலும், போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, அசையாத பொருள் ஒன்றைத் தேடுவார். கடற்கரையில் ஒரு விளக்குக் கம்பம். ஏரிக்கரையில் படகு டிக்கெட் கூண்டு. மிருகக்காட்சிசாலையில், நுழைந்ததும் நிற்கும் கொம்பு உடைந்த சிமெண்டுக் காண்டாமிருகம். பிறகு மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பாடம் ஒப்பிக்க வைப்பார்.

"தொலஞ்சவங்க இங்க வந்து நிக்கணும். நகரவே கூடாது. தொலையாதவங்க தேடிக்கிட்டு வருவாங்க. எங்க, சொல்லு பாப்பா."

பாப்பா சொல்லுவாள். ஐந்து வயதில் ஒருதடவை உண்மையாகவே தொலைந்தும் போனாள். சொன்னபடி காண்டாமிருகத்தின் காலைக் கட்டிக்கொண்டு, சிவப்பு ஃப்ராக்கில், மூக்கு ஒழுக நின்றாள். விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்த அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி ஆனது என்று–

(எழுதிப் பார்த்தேன். சூரியன், தாமரை எல்லாம் வந்து வரிசையில் நின்றன. அடித்துவிட்டேன். இவ்வளவு சொல்லலாம்: அந்த ஒரு முகத்தை வைத்துத்தான் மனிதர் இத்தனை வருடத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.)

4

அந்த ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போகும்போது, போன தடவை பார்த்த ஏரி நன்றாக இருந்ததல்லவா என்று மகளிடம் அம்மா பேச்சுக் கொடுத்தாள்.

"டிக்கெட் கூண்டு," என்றாள் மகள், ஜன்னலைப் பார்த்தபடி. "பச்சைக் கலர். பக்கத்துல குப்பைத்தொட்டி."

"நான் ஏரியக் கேட்டேன்டி."

"ஏரி ஞாபகம் இல்லம்மா. எங்க போனாலும் எங்க நிக்கணுங்கறதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு."

விசிலுக்குப் பெருமை தாங்கவில்லை. பயிற்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

(அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நானும் மகளின் பதிலைச் சிரிப்புக்காகத்தான் எழுதினேன். மூன்றாவது பிரதி எடுக்கும்போதுதான் அந்த வரி சுருக்கென்றது.)

5

உள்ளே நுழைந்ததும் காண்டாமிருகம். விசில் வழக்கம்போலக் குந்தப் போனார். பாதியில்தான் தெரிந்தது, குந்தினால் மகளின் முழங்காலோடு பேச வேண்டியிருக்கும் என்று. எழுந்துகொண்டார்.

"நான் தனியா சுத்திப் பாத்துட்டு வரேன்பா. நீங்க அம்மாகூட உக்காருங்க."

விசில் மனைவியைப் பார்த்தார். உதவி வரவில்லை.

"போகட்டுமே. பதினாலு வயசாச்சு. அவ என்ன உங்க ஃபேக்டரியா?"

[கைபேசி: இந்த இடத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். கைபேசி வந்ததிலிருந்து யாரும் தொலைவதில்லை, கதை எழுதுகிறவன் பிழைப்பில் மண். எனவே மூன்று பேருடைய கைபேசிகளும் அம்மாவின் கைப்பையில் இருக்கின்றன. குரங்குகள் பிடுங்கிக்கொள்ளும் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது. எழுதிப் போடச் சொன்னது நான்தான்.]

அவர் வாயைத் திறப்பதற்குள் மகளே பாடத்தை வாய்ப்பாடு மாதிரி கடகடவென்று ஒப்பித்தாள். பிறகு கேட்டாள்: "அது சரி, யாரு தொலஞ்சதுன்னு யாருப்பா முடிவு பண்றது?"

பாதுகாப்புக் கையேட்டில் அதற்குப் பதில் இல்லை. போய்ட்டு வா என்றார்.

அம்மா மரத்தடி பெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனாள். [இந்தத் தூக்கத்துக்கு நானே பொறுப்பு. அவள் விழித்திருந்தால் எல்லாவற்றையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள். கதைக்குள்ளாவது தூங்கட்டும், வெளியே யார் விட்டார்கள்?]

6

விசில் உட்காரவில்லை. மகளுக்குப் பின்னாலேயே போனார். அவருடைய உடம்புக்கு ஒரு தென்னையே போதாது. கையளவு செடிகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனார். இரவு விலங்குகளை வைத்திருக்கும் இருட்டுக் கூடத்துக்குள் அவள் நுழைந்தாள். அவரும் நுழைந்தார். வெளியே வந்தபோது அவள் இல்லை.

நேராகக் காண்டாமிருகத்திடம் ஓடினார். அங்கேயும் இல்லை. காண்டாமிருகத்திடம் வரக்கூட வழி தெரியாத அளவுக்குக் குழந்தை தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டினார். கூண்டு கூண்டாகத் தேடினார். எந்தக் கூண்டில் என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மனிதர்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை மட்டுமே பார்த்தார்.

அதே நேரத்தில் மகள் நிதானமாக பெஞ்சுக்குத் திரும்பியிருந்தாள். அப்பா எங்கே என்று அம்மாவை உலுக்கினாள். உன் பின்னாலதான் வந்திருப்பாரு என்று சொல்லிவிட்டு அம்மா மறுபக்கம் சாய்ந்தாள். மகள் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினாள். தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே தொலைந்தது அவளில்லை.

7

அறிவிப்பு அறையில் ஓர் அம்மாள் மைக்குக்கு முன்னால் டிஃபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். குழந்தையைக் காணோம் என்றார் விசில்.

"என்ன உயரம்?"

அவர் கை தானாக இடுப்புப் பட்டைக்கு அருகே போய் நின்றது. "இவ்ளோ."

"டிரஸ்?"

"சிவப்பு ஃப்ராக்கு" என்று வந்துவிட்டது வாயில். இல்லையே என்று உடனே பட்டது. காலையிலிருந்து அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று யோசித்தார். பேருந்தின் அவசர வழி எந்தப் பக்கம் என்று நினைவிருந்தது. தீயணைப்பான் சிவப்பாக இருந்தது நினைவிருந்தது. மகள் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"இப்பதான் ஒரு பொண்ணு வந்து அப்பாவக் காணோம்னு சொல்லிட்டுப் போச்சு. சாப்பிட்டுட்டு அறிவிக்கலாம்னு இருந்தேன். உங்க பொண்ணா பாருங்க."

"எப்படி இருந்தா?"

"பெரிய பொண்ணு சார். என் உயரம் இருக்கும்."

"அப்ப அது இல்லம்மா. என்னோடது குழந்தை."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார், இடுப்பருகே அந்தரத்தில் நின்ற கையைப் பார்த்தார், டிஃபன் பாக்ஸை மூடினார். விசில் வெளியே வந்து, பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த ஓர் ஆளுக்குப் பக்கத்தில் நின்றார். ஒலிபெருக்கி கரகரத்தது.

"அப்பா ஒருவரைக் காணவில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். கழுத்தில் விசில். மகள் தேடுகிறாள். தொலைந்தவர் காண்டாமிருகத்தின் அருகே வந்து நிற்கவும். நகரவே கூடாது."

அவர் குனிந்து பார்த்தார். பொத்தான் வேறு நிறம்தான். இதுவரை அவருக்கே தெரியாது.

8

அவர் பிறகு எந்தப் பக்கம் போனார் என்று நான் பார்க்கவில்லை. பாப்கார்ன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆகவே முடிவுகள்.

ஆசிரியருக்குப் பிடித்தது: ஓடுகிறார், அணைக்கிறார், பின்னணியில் யானை பிளிறுகிறது. [யானைக்கு வேறு வேலை இருக்கிறது.]

பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது: பெஞ்சுக்குப் போய், மகள் வந்ததும் "எங்கடி போய்த் தொலஞ்ச" என்று நாலு பேர் பார்க்கக் கத்துகிறார். அவள் அதற்குப் பிறகு அவர்களோடு எங்கேயும் வருவதில்லை. இதுதான் உண்மை என்று மனசு சொல்கிறது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது: அவர் போய் நிற்கிறார். சிமெண்டுக் காலில் முதுகைச் சாய்த்து. எத்தனையோ தடவை மகளை நிறுத்திப் பார்த்த இடத்தில், முதல்தடவையாக அவர். நின்ற பிறகுதான் தெரிகிறது, அங்கிருந்து பார்த்தால் வரிக்குதிரைகள் தெரியும் என்று. இத்தனை வருடமும் அவை அங்கேயே இருந்திருக்கின்றன. ஏரியை நினைத்துப் பார்க்கிறார். பச்சைக் கூண்டு வருகிறது. பக்கத்தில் குப்பைத்தொட்டி வருகிறது. தண்ணீர் வரவில்லை. கடலை நினைக்கிறார். கம்பம் வருகிறது.

தூரத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஓர் உயரமான பெண். யாரோ என்று நினைக்கிறார். பிறகுதான் நடை பிடிபடுகிறது. அவளும் அவரைப் பார்த்துவிட்டாள். ஓடி வரவில்லை. அவர் நகரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். வழியில் வரிக்குதிரைகளுக்கு முன்னால் நின்று, கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வேடிக்கை பார்க்க ஆரம்பிக்கிறாள்.

அவர் கை தானாக விசிலை எடுத்து உதட்டில் வைக்கிறது. ஊதினால் வந்துவிடுவாள். இத்தனை வருடப் பயிற்சி அது. ஊதாவிட்டால், வரிக்குதிரைகளைப் பார்த்து முடித்த பிறகு எப்போது வருவாள் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. விசில் அவர் வாயில் இருக்கிறது. மூச்சு உங்களுடையது.